அதிபர் சம்மதித்தால் மட்டும் போதுமா?

கேள்வி: கேரளத்தின் வண்டிப்பெரியாற்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆறு மாதம் ஊதியமின்றிக் கற்பிக்க விரும்புகிறேன். அந்தப் பள்ளி அதிபர் (தலைமையாசிரியர்) தொலைபேசியில் சம்மதித்துவிட்டார். சுற்றுலா விசாவில் போகலாமா? என் பி.எட். பட்டம் மதுரையில் பெற்றது.

பதில்: போகக் கூடாது, அம்மா. இலங்கையின் சுற்றுலா விசா, ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும், எந்தப் பணியையும் அனுமதிப்பதில்லை. சேவைதானே என்று நாம் நினைப்பதைக் குடிவரவு அதிகாரி அப்படியே ஏற்றுக்கொள்வார் என்று நம்பிப் புறப்படுவது ஆபத்து. அதில் சிக்கல் வந்தால் உங்களை அழைத்த அதிபரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதிபரின் சம்மதம் முதற்படி மட்டுமே. 1987ஆம் ஆண்டில் இலங்கை அரசியலமைப்பில் செய்யப்பட்ட 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு அங்குள்ள பெரும்பாலான பள்ளிகள் மாகாண நிர்வாகத்தின் கீழ் வந்தன. தேசிய பாடசாலைகள் மட்டும் நேரடியாகக் கல்வி அமைச்சைச் சார்ந்தவை. ஆகவே உங்கள் பள்ளி எந்த வகை என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாகாணப் பள்ளியென்றால், அதிபர் வழியாக ஹட்டன் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும், அவர் வழியாக மத்திய மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் விண்ணப்பம் செல்வதே முறை. எந்தப் பள்ளி, எந்தத் தரம் (வகுப்பு), எந்தப் பாடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ஊதியமில்லை என்பன எல்லாம் அதில் தெளிவாக இருக்கட்டும். தமிழும் அங்கே ஆட்சிமொழி என்பதால் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலப் படி ஒன்றையும் இணைப்பது நல்லது. அங்கிருந்து கிடைக்கும் எழுத்துப்பூர்வ அனுமதியை வைத்துக்கொண்டு, எந்த வகை விசா பொருந்தும் என்று சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கேளுங்கள்.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு இதைவிடப் பெரிய தொல்லை, ஆவணங்கள் இரண்டு மாநிலங்களில் பிரிந்து கிடப்பதுதான். கேரளத்தில் பெற்ற கல்விச் சான்றிதழ்களுக்கு, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அம்மாநில அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் சான்றொப்பம் அளிக்கும். உங்கள் மதுரைப் பட்டத்துக்கோ தமிழ்நாடு அரசின் வழியாகத்தான் செல்ல வேண்டும். எனவே இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடுங்கள். பெயரையும் கவனியுங்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்கு முன்னும், கேரள ஆவணத்தில் பின்னும், பாஸ்போர்ட்டில் விரிந்தும் இருப்பது நம் பகுதியில் வழக்கம். இந்த ஒரு வேறுபாட்டால் என் சொந்த விண்ணப்பமே வாரக்கணக்கில் நின்றுபோனது. மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்னும் சான்றிதழுக்கு கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையத்தின் மூலம் வில்லேஜ் ஆபீசில் விண்ணப்பிக்கலாம். சிறுவர்களோடு பணியாற்றப் போவதால், பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகக் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் பெற்றுக்கொள்ளுங்கள். கேட்காவிட்டாலும் அதைக் கொடுப்பதுதான் முறை என்று நான் கருதுகிறேன்.

பயணச்சீட்டை, விசா கைக்கு வந்த பிறகு எடுங்கள். போய்ச் சேர்ந்ததும், வகுப்பறைக்குள் நுழையும் முன், வலயக் கல்வி அலுவலகத்துக்கு நேரில் சென்று அனுமதிக் கடிதத்தின் படியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.