டியூப்புக்கு முன்னால் மூச்சு: மயக்க மருத்துவரிடம் சில கேள்விகள்

மதுரையில் மயக்க மருத்துவராக இருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்கு முன்னால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று ஆம்புலன்ஸ் ஊழியர்கள், நர்ஸ்கள், பயிற்சி மருத்துவர்கள், ஊர்க்காரர்கள் எனப் பலரும் கேட்டிருந்தீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மேலூர் பக்கம் 108-ல் இஎம்டியாக (வண்டியில் அவசர சிகிச்சை தரும் ஊழியராக) இருக்கிறேன். நாலுவழிச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்த பையன்களைத் தூக்கிக்கொண்டே இருக்கிறோம். வெளிநாட்டில் ரோட்டிலேயே மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாயில் டியூப் போடுகிறார்களாமே, நமக்கு ஏன் அது இல்லை மேடம்?

தம்பி, போடுகிறார்கள், உண்மைதான். லண்டனில் 1989-லிருந்து ஏர் ஆம்புலன்ஸ் இருக்கிறது. டாக்டரே அதில் போய் ரோட்டோரத்தில் மயக்கம் கொடுக்கிறார். ஆனால் இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சான் டியகோவில் பாராமெடிக்குகள் (டாக்டர் அல்லாத ஆம்புலன்ஸ் ஊழியர்கள்) தலைக்காயம் பட்டவர்களுக்கு மருந்து கொடுத்து டியூப் போட்டார்கள். 2003-ல் முடிவு வந்தபோது, அப்படிப் போட்டவர்களில்தான் சாவு அதிகம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 312 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வந்தது. ஆறு மாதம் கழித்து நல்லபடியாகத் தேறியிருந்தவர்கள், வழியிலேயே டியூப் போட்டவர்களில் 51 சதவீதம், ஆஸ்பத்திரியில் போட்டவர்களில் 39 சதவீதம்.

ஒரே வேலை, இரண்டு முடிவு. சான் டியகோவில் பலருக்கு டியூப் போடும்போதே ஆக்ஸிஜன் அளவு சரிந்தது. போட்ட பிறகு, நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளும் பேகை வேகவேகமாக அழுத்தினார்கள். அப்படி அழுத்தினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். அடிபட்ட மூளைக்குப் போய்க்கொண்டிருந்த கொஞ்ச ரத்தமும் குறையும். அதனால், நம் வண்டிகளுக்கு மயக்க மருந்து வருவதற்கு முன், வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் வர வேண்டும் என்பேன். டியூப் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறதா, பேகை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்ற இரண்டையும் காட்டுவது அதுதான்.

அதுவரை உங்கள் கையில் இருப்பதே பெரிய சிகிச்சை. அவரே நன்றாக மூச்சு விடுகிறார், ஆனால் வாயில் ரத்தம் வழிகிறது என்றால், கழுத்தும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி பக்கவாட்டில் புரட்டி வையுங்கள். மூச்சு போதவில்லை என்றால் சக்ஷன் பண்ணி (வாயில் இருப்பதை உறிஞ்சி எடுத்து), தாடையை முன்னால் தள்ளி, மாஸ்க்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடியுங்கள். பைலட் வண்டி ஓட்டுவார், அவர் வர முடியாது. கூட வருகிற சொந்தக்காரர் கையில் பேகைக் கொடுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஆறு வரை சத்தமாக எண்ணி, ஆறுக்கு ஒரு தடவை அழுத்தச் சொல்லுங்கள். நெஞ்சு லேசாக எழும்பினால் போதும். பதற்றத்தில் அவர் கை வேகமெடுக்கும், எண்ணுவதை நிறுத்தாதீர்கள்.

நான் ஹவுஸ் சர்ஜன். தலைக்காயத்துக்கு கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று பழைய புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் சீனியர்கள் கொடுக்கிறார்களே?

மண்டைக்குள் அழுத்தம் ஏறும் என்ற பயம் 1970-களில் வந்தது. மூச்சைச் சரியாகக் கவனித்துக்கொண்டால் அப்படி ஏறுவதில்லை என்பது இப்போதைய புரிதல். தலைக்காயத்தில் பிபி 90-க்குக் கீழே ஒரு தடவை போவதே பெரிய கெடுதல். இன்னொரு மயக்க மருந்தான புரோபோஃபால் பிபியைச் சட்டென்று இறக்கும், கெட்டமின் பெரும்பாலும் தாங்கிப் பிடிக்கும். ஆனால் ரத்தம் நிறைய போய்த் துவண்டு கிடப்பவருக்கு முழு டோஸ் கொடுத்தால் இதுவும் இறக்கும். வழக்கமாக கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் என்றால், அவருக்குப் பாதி அல்லது அதற்கும் கீழே. வலிக்கு மட்டும் என்றால் கிலோவுக்கு 0.1 முதல் 0.3, அதுவும் மெதுவாக. வேகமாகத் தள்ளினால் மூச்சு நிற்கும்.

இன்னொன்று: லேபிளைப் படியுங்கள். ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் இருக்கிற மருந்துக் குப்பிதான் அதிகம். 1 மில்லி எடுத்து 4 மில்லி சலைன் சேர்த்தால் மில்லிக்கு 10 ஆகும். சிரிஞ்சில் பிளாஸ்டர் ஒட்டி எழுதி வையுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு மனக்கணக்கு வேண்டாம்.

பேரையூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். பருத்திக்கு மருந்து அடித்தவர் எச்சில் வடிய, வியர்த்துக் கொட்டி வந்தார். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

கையுறை போட்டுக்கொண்டு சட்டை, வேட்டியைக் கழற்றி, தலைமுடி உட்பட சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டாக்டர் சொன்னதும் முறிமருந்தான அட்ரோபின் தொடங்கட்டும். நம்மிடம் இருக்கும் ஆம்பூல் 0.6 மில்லிகிராம். பெரியவருக்கு முதலில் மூன்று ஆம்பூல், ஐந்து நிமிடத்தில் நெஞ்சு தெளியவில்லை என்றால் ஆறு, அப்புறம் பன்னிரண்டு என்று இரட்டிப்பாக்க வேண்டும். கண்மணி விரிந்ததா என்று பார்த்து நிறுத்தக் கூடாது. ஸ்டெதஸ்கோப்பில் நீர்ச் சத்தம் நின்றதா, நாடித்துடிப்பு 80-க்கு மேல் வந்ததா, பிபி நிற்கிறதா என்று பாருங்கள். ஸ்டாக் தீர்ந்துவிடுமே என்று கையை இழுக்கிற பழக்கம்தான் இங்கே ஆபத்து.

பரிந்துரைச் சீட்டில் பூச்சிமருந்தின் பெயர், அது பட்ட நேரம், இதுவரை போன ஆம்பூல் எண்ணிக்கை மூன்றும் இருக்கட்டும். எங்களுக்கு அதில் ஒரு காரணம் உண்டு. டியூப் போட நாங்கள் கொடுக்கும் ஸ்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்தை உடைக்கிற என்சைமை இந்தப் பூச்சிமருந்து முடக்கிவிடும். சில நிமிடத்தில் விலக வேண்டிய மருந்து மணிக்கணக்கில் நிற்கும். தெரிந்தால் வேறு மருந்து எடுப்போம்.

அலங்காநல்லூர்க்காரன் நான். மாடு குத்தி விழுந்தவனுக்குத் தெம்புக்கு சோடா கொடுத்தால் என்ன தப்பு டாக்டரம்மா?

ஐயா, அடிபட்டதும் இரைப்பை வேலையை நிறுத்திவிடும். கொடுத்த சோடா அங்கேயே நிற்கும். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற நேரத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால், கொம்பால் பிழைத்தவரை சோடாவால் இழப்போம். தாகம் என்றால் உதட்டை ஈரத்துணியால் நனையுங்கள், போதும். கொம்பு குத்திய இடம் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே பல திசையில் கிழித்திருக்கும். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல், சுத்தமான துணியை நனைத்து மூடி, முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து அனுப்புங்கள். மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம்.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்கலாமா?

வேண்டாம். பக்கவாட்டில் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

வாடிப்பட்டி பக்கம். தரையில் படுத்திருந்த என் மாமியாருக்கு விடியற்காலை வயிற்றுவலி, கண் இமை தூக்கவே முடியவில்லை. கடித்த தடமே இல்லை, ஆனால் பாம்புக்கடி என்றார்கள். எப்படி?

அம்மா, கட்டுவிரியன் அப்படித்தான். ராத்திரி தூக்கத்தில் கடிக்கும், வலி இருக்காது, வீங்காது. இமையில் தொடங்கும் தளர்ச்சி தொண்டைக்கு இறங்கி, பிறகு மூச்சுத் தசைக்கு வரும். கட்டுப் போடுவதோ கீறுவதோ உதவாது. விஷமுறிவு மருந்து வேண்டும், பெரியவருக்கும் குழந்தைக்கும் அளவு ஒன்றுதான். மூச்சு நின்றாலும் பேகை அழுத்திக்கொண்டே வந்தால், பல நாள் வென்டிலேட்டரில் இருந்துகூட முழுசாகத் தேறி வீட்டுக்கு நடந்து போவார்கள்.

மாட்டுத்தாவணியில் ஆட்டோ ஓட்டுகிறேன். அடிபட்டவரை ஏற்றினால் போலீஸ் கேஸ் என்று அலைய விடுவார்களா?

2016-ல் உச்ச நீதிமன்றமும், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவும் உங்களைக் காக்கின்றன. பெயர் சொல்லக்கூடக் கட்டாயம் இல்லை. தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரத்துக்கு அடிபட்டவருக்கும் செலவில்லை. இறக்கிவிட்டுப் போகும் முன் நர்ஸிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள் அண்ணே: எத்தனை மணிக்கு விழுந்தார், வழியில் ஒரு வார்த்தையாவது பேசினாரா. பேசிவிட்டுப் பிறகு மயங்கியவர் என்றால், மண்டையோட்டுக்கு அடியில் ரத்தம் கட்டுகிறதா என்று முதல் ஆளாக சிடி ஸ்கேனுக்கு அனுப்புவோம்.