கடன் அறிக்கையில் பிறர் பாக்கி: ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்துக்குப் போகலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் வசிக்கிறேன். நான் வாங்காத கிரெடிட் கார்டின் பாக்கி என் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறியிருக்கிறது. கார்டு கொடுத்த வங்கியிடம் இருமுறை தொலைபேசியில் முறையிட்டும் பயனில்லை. வீட்டுக் கடனும் மறுக்கப்பட்டுவிட்டது. வக்கீல் இல்லாமல் ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை வழக்குகளுக்கான) நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாமா?

பதில்: தொடுக்கலாம், ஆனால் இன்றைக்கே தொடுத்தால் கூட்டாட்சி (ஃபெடரல்) சட்டத்தின் கீழ் வங்கிக்கு எதிரான வழக்கு நிற்காது. 1970ஆம் ஆண்டின் ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி, கடன் அறிக்கை தயாரிக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகியவற்றுள் எந்த நிறுவனம் அந்தப் பாக்கியைக் காட்டுகிறதோ அதனிடம் நீங்கள் ஆட்சேபம் தெரிவித்து, அது வங்கிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் வங்கி முறையாக விசாரிக்கத் தவறினால்தான், தனிநபராகிய நீங்கள் அந்த வங்கிமீது வழக்குத் தொடர முடியும். வங்கியோடு நேரடியாகப் பேசிய தொலைபேசி அழைப்புகள் இந்த நிபந்தனையை நிறைவேற்றுவதில்லை.

ஆகவே முதலில் எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். தந்தை பெயரை ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் வேறோரிடத்தில் குடும்பப் பெயராகவும் எழுதும் நம் வழக்கத்தால் இருவரின் கோப்புகள் கலந்துபோக இடமுண்டு என்பதால், முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரிச் சான்று ஆகியவற்றை இணைத்து, அந்தக் கணக்கு ஏன் உங்களுடையதல்ல என்று விளக்கி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது. விசாரணைக்குப் பொதுவாக 30 நாள் அவகாசம். சில சூழல்களில் 45 நாள். 'சரிபார்த்தோம், தகவல் சரியே' என்று பதில் வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், ஏனெனில் உங்கள் வழக்கின் முதுகெலும்பே அந்தக் கடிதம்தான்.

வீட்டுக் கடன் மறுப்பு ஆட்சேபத்துக்கு முன்பே நேர்ந்ததால், அந்த இழப்பை வங்கியிடம் கேட்பது கடினம். ஆனால் தகவல் இயன்றவரை துல்லியமாக இருக்க நியாயமான நடைமுறைகளைப் பின்பற்றும் கடமை அறிக்கை தயாரிக்கும் நிறுவனத்துக்குத் தொடக்கம் முதலே உண்டு. மறுப்புக் கடிதத்தைக் காட்டி அதனிடம் கேட்கலாம். அந்த நிறுவனம் அலட்சியமாகச் சட்டத்தை மீறியது என்றால் உண்மையான இழப்பை நிரூபிக்க வேண்டும். வேண்டுமென்றே மீறியதாக நிரூபித்தால், இழப்பைக் கணக்குக் காட்டாமலேயே 100 முதல் 1,000 டாலர் வரை கிடைக்கும். அதற்குமேல் தண்டனை இழப்பீடும் விதிக்கப்படலாம்.

கலிபோர்னியாவின் ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் தனிநபர் கேட்கக்கூடிய உச்சவரம்பு 12,500 டாலர். விசாரணையில் எத்தரப்புக்கும் வக்கீல் வாதாட முடியாது; வழக்குத் தொடுத்தவர் தோற்றால் மேல்முறையீடும் இல்லை. இது பணம் கேட்பதற்கான இடம். பாக்கியை நீக்கச் சொல்லி ஆணை கிடைக்கும் என்று நம்பி இராதீர்கள். மீறல் தெரியவந்த நாளிலிருந்து 2 ஆண்டு, மீறல் நடந்த நாளிலிருந்து 5 ஆண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள் வழக்குப் பதிவாக வேண்டும்.

ஒன்றுக்கு மட்டும் ஆயத்தமாக இருங்கள்: இது கூட்டாட்சிச் சட்டம் என்பதால், அழைப்பாணை கிடைத்த 30 நாளுக்குள் எதிர்த்தரப்பு வழக்கை ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும். அங்கே, 2021இல் டிரான்ஸ்யூனியன் எதிர் ராமிரெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, உறுதியான பாதிப்பைக் காட்டியாக வேண்டும். உங்களிடம் உள்ள கடன் மறுப்புக் கடிதம் அதற்கு உதவும். வென்றால் நியாயமான வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பே செலுத்த வேண்டும் என்று இச்சட்டம் சொல்வதால், முன்பணம் கேட்காமல் இத்தகைய வழக்குகளை ஏற்கும் நுகர்வோர் வக்கீல்கள் இருக்கிறார்கள். மனுத் தாக்கல் செய்யும் முன்பே அவர்களில் ஒருவரிடம் ஆவணங்களைக் காட்டிப் பேசிவிடுங்கள்.