பட்டன் பதில்கள்

கேள்வி: பழைய கன்சோலைப் புது டிவியில் மாட்டினேன். பட்டனைத் தட்டிச் சற்று நேரம் கழித்துத்தான் மாரியோ எம்புகிறான். கன்ட்ரோலர் போய்விட்டதா?

பதில்: கன்ட்ரோலர்மேல் பழி போடாதீர்கள். அந்தக் கன்சோல் அனுப்புவது 240 வரிகள் கொண்ட முழுப் படம். புது டிவிகள் பல அதை 480 வரிப் படத்தின் பாதி என்று தப்பாக எடுத்துக்கொண்டு, மறுபாதி வரும்வரை காத்திருந்து ஒட்டப் பார்க்கின்றன. முதலில் ‘கேம் மோட்’ போடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். அப்படியும் தேறாவிட்டால், 240 வரியை உள்ளபடி புரிந்துகொண்டு புது டிவிக்கேற்ப மாற்றித் தரும் ‘ரெட்ரோ ஸ்கேலர்’ கருவிதான் வழி. மலிவான ஏவி–எச்டிஎம்ஐ டப்பா வாங்கினால், டிவி செய்த தப்பையே அதுவும் செய்யக்கூடும்.

கேள்வி: நானே ஒரு பிளாட்பார்ம் கேம் (மேடைக்கு மேடை தாவும் கேம்) எழுதுகிறேன். ஆடிப் பார்ப்பவர்கள் எல்லோரும் “அழுத்தினேன், குதிக்கலை” என்கிறார்கள். கோடில் தப்பே இல்லையே!

பதில்: கோடு கறாராக இருப்பதுதான் கோளாறு. விநாடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்) என்றால் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி விநாடி. விளிம்பைத் தாண்டி ஒரே ஒரு ஃபிரேம் கழித்து அழுத்தியவரையும் உங்கள் கேம் பள்ளத்தில் தள்ளுகிறது. அவர் கண்ணுக்கோ கால் இன்னும் தரையில்தான் இருக்கிறது.

கொஞ்சம் தாராளம் காட்டுங்கள். தரையை விட்ட பிறகும் 6 ஃபிரேம் வரை குதிக்க விடுங்கள். இதற்குப் பெயர் ‘கயோட்டி டைம்’. ‘செலஸ்ட்’ (2018) கேம் தருவதும் 0.1 விநாடிதான். அதேபோல, கீழே இறங்கும்போது சற்று முந்தியே அழுத்திவிட்டால் அதை 5, 6 ஃபிரேம் நினைவில் வைத்திருந்து, கால் பட்டதும் குதிக்க வையுங்கள். எழும்போதே பட்டனை விட்டுவிட்டால் மேலேறும் வேகத்தைப் பாதியாக்குங்கள். தட்டினால் சின்னக் குதி, பிடித்தால் பெரிய குதி.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். குதித்ததும், மேலே சொன்ன இரண்டு சலுகைகளின் ஃபிரேம்களையும் எண்ணும் கவுன்டர்களைப் பூஜ்யமாக்காவிட்டால் அந்தரத்திலேயே இன்னொரு தடவை குதிப்பான். பூஜ்யமாக்கியும் சில சமயம் டபுள் ஜம்ப் வருகிறதா? குதித்த ஃபிரேமில், ‘கால் தரையில் இருக்கிறதா’ என்று பார்க்கும் சோதனை இன்னும் ‘ஆம்’ என்றே சொல்லி, கயோட்டி டைம் கவுன்டரை மறுபடி நிரப்பியிருக்கும். மேல்நோக்கிப் போகும்போது நிரப்பக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள்.

கேள்வி: ‘பேக்-மேன்’ பேய்கள் நாலும் பேசி வைத்துக்கொண்டா சுற்றி வளைக்கின்றன?

பதில்: ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஆளுக்கொரு குணம், அவ்வளவுதான். சிவப்பு நீங்கள் நிற்கும் கட்டத்தைக் குறிவைக்கும். இளஞ்சிவப்பு உங்களுக்கு நாலு கட்டம் முன்னால். நீலம், சிவப்பு நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு எட்டுக் கட்டத்துக்குள் வந்துவிட்டால் பயந்து இடது கீழ் மூலைக்குத் திரும்பும். 1980இல் இவ்வளவு சின்ன விதிகளை வைத்தே ‘வளைத்துவிட்டார்கள்’ என்று நம்மைப் பதற வைத்தார்களே, இன்றைய பல எதிரிகளுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

உங்களுக்கு உதவுவது இது: இளஞ்சிவப்பு எதிரே வந்தால் ஓடாமல் அதை நோக்கியே போங்கள். நாலு கட்டம் முன்னால் என்பது அதன் முதுகுக்குப் பின்னால் விழுந்துவிடும்; சந்து இருந்தால் பெரும்பாலும் விலகித் திரும்பும். சந்தில்லாத நேர்பாதையில் இதைச் செய்தால் உயிர் போகும். முதல் லெவலில் பேய்கள் 7 விநாடி மூலைக்குப் போய், பிறகு 20 விநாடி துரத்தும். அந்த மாற்றம் நடக்கும் கணம் எல்லாம் ஒன்றாகத் திரும்புவதைக் கவனியுங்கள்.

கேள்வி: புதுக் கன்சோல்களில் ‘40 ஃபிரேம்’ என்று ஒரு மோட். 30ஐவிடப் பத்துதானே கூடுதல்?

பதில்: எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். 30இல் ஒரு ஃபிரேம் 33.3 மில்லி விநாடி, 60இல் 16.7. 40இல் 25, அதாவது சரிபாதி தூரம் வந்துவிட்டீர்கள். 120 ஹெர்ட்ஸ் டிவி (விநாடிக்கு 120 தடவை படத்தைப் புதுப்பிப்பது) கட்டாயம். 120ஐ 40 மீதியில்லாமல் வகுக்கும், 60ஐ வகுக்காது. டிவி இருந்தால் கதை சொல்லும் கேம்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். சண்டை கேமுக்கு 60க்குக் குறைந்து ஆடாதீர்கள்.

கேள்வி: கேம் பாய் கார்ட்ரிட்ஜில் சேவ் நிற்பதில்லை. ஊதிப் பார்த்தும் பயனில்லை.

பதில்: உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். 3.8 மிமீ ‘கேம்பிட்’ ஸ்க்ரூடிரைவரால் (கார்ட்ரிட்ஜின் தனி வகைத் திருகுக்கானது) திறந்து, பழைய பேட்டரியில் உள்ள அதே எண்ணில் (சிஆர்2025, சிஆர்1616 போல), கால் தகடு ஒட்டியே வரும் பேட்டரி வாங்குங்கள். வெறும் பேட்டரிமேல் நேராகச் சால்டர் வைத்தால் சூட்டில் வெடிக்கலாம். கூட்டல், கழித்தல் பக்கத்தை முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றினால் மிச்சமிருக்கும் சேவும் போய்விடும். கார்ட்ரிட்ஜ் ரீடர் கிடைத்தால் முதலில் நகல் எடுங்கள். ஊதுவதை இன்றோடு விடுங்கள், எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும்.