அப்பிச்சியோட பென்ஷன் பேப்பர்ல ஊரு பேரு இருக்குமுங்களா?

கேள்வி: எங்க அப்பிச்சி, அதாவது அம்மாவோட அப்பா, பட்டாளத்துல இருந்தவருங்க. அம்மிச்சியக் கட்டிக்கிட்டு அந்தியூர்லயே தங்கிட்டாரு. அவரு தவறுனப்புறம் அம்மிச்சி கடைசி வரைக்கும் பென்ஷன் வாங்குனாங்க. ஆனா அவரு எந்த ஊரு, பொறந்தவங்க யாருன்னு எங்கம்மாவுக்கே தெரியல. டிரங்குப்பெட்டில நைஞ்சுபோன பென்ஷன் பேப்பரும் ஒரு மெடலும் இருக்குது. இத வச்சு சொந்தத்தக் கண்டுபிடிக்க முடியுமுங்களா?
- ஒரு வாசகி, அந்தியூர்

பதில்: முடியுமுங்க. அந்தப் பேப்பர அடுப்புல போடாம வச்சிருந்தாங்க பாருங்க அம்மிச்சி, பாதி வேல அங்கயே முடிஞ்சுது. தயவுசெஞ்சு அத லேமினேஷன் மட்டும் பண்ணிராதீங்க, வெயில் வெளிச்சத்துல போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

பேப்பர்ல பிபிஓ நம்பர்னு, அதாவது பென்ஷன் குடுக்கச் சொல்ற ஆர்டரோட நம்பர் இருக்கும். அது எஸ்-னு ஆரம்பிச்சா அவரோட சர்வீஸ் பென்ஷன், டி-ன்னா காயம்பட்டோ நோவு வந்தோ வந்தவருக்கு, எஃப்-னா ஃபேமிலி பென்ஷன். அதவிட முக்கியம் அவரோட ரெஜிமெண்ட் நம்பரும், பட்டாளத்துக்காரங்க ஃபைல வச்சிருக்கற ரெக்கார்ட் ஆபீஸ் பேரும். நம்மாளுன்னா வெலிங்டன்தான்னு நெனச்சுறாதீங்க, அது மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு. பாலம், ரோடு போடுற மெட்ராஸ் சாப்பர்ஸ்னா பெங்களூரு, சிக்னல்ஸ்னா ஜபல்பூர், பீரங்கிப்படைன்னா நாசிக். பேப்பர்ல நம்பர் அழிஞ்சிருந்தா மெடல் ஓரத்த லென்ஸ் வச்சுப் பாருங்க, சிலதுல நம்பரும் பேரும் வெட்டியிருப்பாங்க, புளி போட்டுத் தேச்சுறாதீங்க.

எங்க பெரியப்பா பேப்பர நான் கையில வாங்குன அன்னிக்கு ரொம்ப நேரம் பேச முடியலீங்க. அப்பன் பேரு, ஊரு, தபாலாபீஸ், தாலுக்கா, உயரம், அப்புறம் அடையாளம்னு போட்டு வலது முழங்கால்ல தழும்பு. மாடு கட்டித் தண்ணி எறைக்கற கவலை ஓட்டுறப்ப விழுந்ததுன்னு ஆத்தா சொல்லிச் சொல்லிக் கேட்ட அதே தழும்பு! கீழ பெரியம்மாவோட இடது கட்டைவிரல் ரேகை, ஊதா மையில.

ஊரு பேர வாசிக்கறப்ப ஒண்ணு கவனம். ஈரோடு மாவட்டம் 1979ல வந்தது, திருப்பூர் 2009ல. 1979க்கு முன்னாடி எல்லாமே கோயமுத்தூர் ஜில்லாதான், அதனால கோயமுத்தூர்னு பாத்ததும் பஸ் ஏறிறாதீங்க, தாராபுரமா இருக்கும், கோபியா இருக்கும். புதுப்பாளையம்னு இருந்தா இன்னும் சிரமம், நம்ம பக்கம் எத்தன புதுப்பாளையம் இருக்குது, தாலுக்காவும் தபாலாபீஸும் சேத்துப் பாத்தாத்தான் ஆகும். கிளார்க் காதுல விழுந்தத இங்கிலீஷ்ல எழுதியிருப்பாரு, வாய்விட்டுப் படிங்க.

பேப்பர்ல ஊரு இல்லீன்னா அம்மா பேர்ல, மகள்ங்கற மொறையில, வாரிசு சான்றிதழும் பிபிஓ நகலும் வச்சு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்க. மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்துல கேட்டா லெட்டர் எழுத உதவி பண்ணுவாங்க. ரெண்டாம் உலகப்போர் சண்டைக்குன்னு சேந்து 1946 வாக்குல வீட்டுக்கு அனுப்புனவங்க நெறையப் பேருக்குப் பென்ஷனே கெடையாது, சிப்பாய்க்கு 15 வருஷம் சர்வீஸ் வேணுமே, அவங்க ஃபைலெல்லாம் 25 வருஷத்துல அழிச்சுருவாங்க. உங்களுக்குப் பென்ஷன் ஓடியிருக்கறதால நம்பிக்கை ஜாஸ்திங்க. ஒருவேள ஃபைல் அழிஞ்சுபோச்சுன்னு பதில் வந்தாலும் விட்டுறாதீங்க, லாங் ரோல்னு ஒரு பெரிய பதிவேடு இருக்கும், அதுல இருக்கறதயாச்சும் குடுங்கன்னு திரும்ப எழுதுங்க.

ஊரு தெரிஞ்சதும் அங்க போயி பேரச் சொல்லி மட்டும் கேக்காதீங்க, பட்டாளத்துக்காரர் வீடு எதுன்னு வயசானவங்களக் கேளுங்க. போறப்ப அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, முகச்சாடை பாத்தே யாராச்சும் சொல்லிருவாங்க.