627001 பகா எண்ணா?

திருநெல்வேலி ஜங்ஷன் பின்கோடு 627001 பகா எண் இல்லை: 71 × 8831.

1, அதே எண் ஆகிய இரண்டால் மட்டுமே மீதியில்லாமல் வகுபடுவது பகா எண். 627000 பொட்டலம் அல்வாவைச் சம வரிசைகளாக அடுக்க 128 வழி உண்டு. ஒரே ஒரு பொட்டலம் கூடினால் 4 வழிதான்: 1, 71, 8831 அல்லது 627001 வரிசை.

எப்படிக் கண்டுபிடிப்பது? 627000-ஐ 2, 3, 5, 11, 19 எல்லாம் மீதியின்றி வகுக்கும். ஆகவே 627001-ல் இவற்றுக்கு மீதி 1. போட்டுப் பார்க்கவே வேண்டாம். மற்றப் பகா எண்களை 7, 13, 17 என வரிசையாக வகுத்துப் பார்க்கணும். 67 வரை ஒன்றும் சிக்காது. பலர் 17, 19-லேயே அலுத்துப்போய்ப் 'பகா எண்' என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் 791 வரை பார்த்தாக வேண்டும்; 792 × 792 = 627264, எண்ணையே தாண்டிவிடுகிறது, அதனால் இரண்டு காரணிகளுமே 791-க்கு மேல் இருக்க முடியாது.

71 கிடைத்ததும் வேலை சுருங்கும். 8831-க்கு 93 வரை போதும். பாக்கி 71, 73, 79, 83, 89 மட்டுமே. ஐந்தும் வகுக்காது, ஆகவே 8831 பகா எண்.

ஒன்றில் முடிகிற எண் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் 21, 51, 91 மூன்றையும் வகுத்துப் பார்க்கலாம்: 3 × 7, 3 × 17, 7 × 13.