பல மிடி கருவிகள், ஒரே கணினி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் ஐந்து முள் மிடி (மின்னணு இசைக்கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறை) துளைகள் மட்டுமே உள்ள பழைய கீபோர்டு, ஒரு சவுண்டு மாட்யூல் (கட்டைகள் இல்லாத ஒலிப்பெட்டி), சிறிய டிரம் மெஷின், யு.எஸ்.பி. வழியாக இயங்கும் 25 கட்டைக் கன்ட்ரோலர் ஆகிய நான்கு கருவிகள் உள்ளன. மடிக்கணினியோடு இணைத்துள்ள ஆடியோ இன்டர்ஃபேஸில் ஒரு மிடி இன் (செய்தி நுழையும் துளை), ஒரு மிடி அவுட் (செய்தி வெளியேறும் துளை) ஆகியவைதான் இருக்கின்றன. கீபோர்டையும் டிரம் மெஷினையும் ஒய் வடிவக் கேபிளால் சேர்த்து ஒரே இன்னில் சொருகலாம் என்று கடையில் சொல்கிறார்கள். இது சரியா?
– வாசகர், திருச்சி

பதில்: சரியன்று. அந்தக் கேபிளை வாங்க வேண்டாம். மிடி கம்பியில் ஓடுவது ஒலியே அல்ல. எந்தக் கட்டை எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் செய்திகள் எண்களாக, வினாடிக்கு 31,250 பிட் என்ற கணக்கில், ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. இரண்டு கருவிகளின் செய்திகள் ஒரே கம்பியில் ஒரே கணத்தில் வந்து விழுந்தால் இரண்டும் சிதைந்து, இரண்டுமே பொருளற்றவையாகிவிடும். அவற்றை வரிசைப்படுத்தி ஒரே தடத்தில் அனுப்ப, உள்ளே சிறிய செயலி ஒன்றைக் கொண்ட மெர்ஜ் பெட்டி வேண்டும். வெறும் கம்பியால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, நடுவில் கணினியையும் சுற்றிலும் உங்கள் நான்கு கருவிகளையும் எழுதி, எது செய்தி அனுப்புகிறது, எது பெறுகிறது, எது இரண்டையும் செய்கிறது என்று அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை கருவிகள் என்பதைவிட எத்தனை அம்புக்குறிகள், எந்தத் திசையில் என்பதே முக்கியம். உங்கள் பட்டியலில் கன்ட்ரோலர் அனுப்ப மட்டுமே செய்யும், அதுவும் யு.எஸ்.பி. வழியாக நேரே கணினிக்கு அனுப்பிவிடும். அதைப் பற்றிக் கவலை இல்லை. மாட்யூல் பெரும்பாலும் பெறுவதோடு நின்றுவிடும். கீபோர்டும் டிரம் மெஷினும்தாம் இரு திசையிலும் பேசுபவை. ஆகவே ஐந்து முள் வழியில் உங்களுக்கு இரண்டு இன், மூன்று அவுட் தேவை. கையில் இருப்பதோ ஒவ்வொன்றே.

அவுட் பற்றாக்குறையை மட்டும் செலவில்லாமல் சமாளிக்க வழி உண்டு. மாட்யூலின் பின்புறத்தில் த்ரூ என்றொரு துளை இருந்தால், இன்னில் வரும் செய்தியை அது அப்படியே பிரதி எடுத்து அடுத்த கருவிக்குக் கடத்தும். இன்டர்ஃபேஸின் அவுட்டிலிருந்து மாட்யூலுக்கும், மாட்யூலின் த்ரூவிலிருந்து டிரம் மெஷினுக்கும் இணைத்து, மாட்யூலைச் சானல் (ஒரே தடத்தில் எந்தச் செய்தி யாருக்கு என்று பிரித்தறியும் எண்) 1-லும் டிரம் மெஷினைச் சானல் 10-லும் வைத்தால் இரண்டும் தத்தம் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஓம்னி என்னும் நிலையில் இருக்கும் கருவி எல்லாச் சானல்களுக்கும் ஒலி எழுப்பும் என்பதால் அந்த ஓம்னி நிலையை அணைத்துவைக்க வேண்டும். இத்தகைய தொடரில் மூன்று கருவிகளுக்கு மேல் கோக்க வேண்டாம். ஒவ்வொரு கருவியின் நுழைவாயிலிலும் உள்ள ஆப்டோ கப்ளர் (செய்தியை ஒளியாக மாற்றிக் கடத்தும் சிறு பாகம்) சமிக்ஞையின் விளிம்பைக் கொஞ்சம் மழுங்கடிப்பதால், தொடர் நீள நீளச் செய்திகள் தவறாகப் படிக்கப்படும். கேபிள் ஒவ்வொன்றும் 15 மீட்டருக்குள் இருக்கட்டும்.

ஆனால் இன் பற்றாக்குறைக்கு இப்படி ஒரு குறுக்குவழி இல்லை. என் கருத்தில், மெர்ஜ் பெட்டிக்குச் செலவழிப்பதைவிட, நான்கு இன், நான்கு அவுட் கொண்ட யு.எஸ்.பி. மிடி இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கிவிடுவதே நல்லது. காரணம் வசதி மட்டுமன்று. ஐந்து முள் கம்பியில் ஒரு சுரத்தின் செய்தி போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி ஆகிறது. பத்துச் சுரங்களை ஒரே நேரத்தில் ஒரே தடத்தில் அனுப்பினால் முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை ஏழு முதல் பத்து மில்லி வினாடி வரை ஆகிவிடும். தாளக்கருவிகள் கலந்த இசையில் அந்தத் தளர்ச்சியைப் பழகிய காது உணரும். ஒவ்வொரு கருவிக்கும் தனித் தடம் கொடுத்தால் இந்த நெரிசலே இல்லை. தடம் ஒன்றுக்குப் பதினாறு சானல்கள் என்பதால் சானல் தட்டுப்பாடும் வராது.

டிரம் மெஷினில் ஐந்து முள் துளைக்குப் பதிலாக 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தால், அடாப்டர் வாங்கும்போது அதன் உட்கம்பி இணைப்பு டைப் ஏ-வா டைப் பி-யா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 2018-இல் டைப் ஏ பொதுத்தரமாக ஏற்கப்பட்டது. அதற்கு முன் வந்த கருவிகளில் இரண்டும் உண்டு. இனம் மாறினால் செய்தி போய்ச்சேராது.

யு.எஸ்.பி. துளைகள் போதவில்லையென்றால் தனி மின்இணைப்புள்ள ஹப் ஒன்றில் கன்ட்ரோலரையும் மிடி இன்டர்ஃபேஸையும் சேருங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸை மட்டும் கணினியில் நேரடியாகச் சொருகுங்கள். விண்டோஸ் கணினியானால் ஒவ்வொன்றையும் எப்போதும் அதே துளையில் சொருகும் பழக்கம் நல்லது. துளை மாறினால் விண்டோஸ் அதைப் புதிய கருவியாகக் கருதக்கூடும். அப்போது நீங்கள் முன்பு செய்துவைத்த அமைப்புகளை ஒலிப்பதிவு மென்பொருளால் கண்டுகொள்ள முடியாது.

பழைய கீபோர்டு ஆயிற்றே என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் அனஹைம் நகரில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் ப்ராஃபெட் 600-ஐயும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிட்டர் 6-ஐயும் ஒரே கேபிளால் இணைத்து வாசித்துக் காட்டினார்கள். போட்டி நிறுவனங்கள் கூடி வகுத்த அந்த ஐந்து முள் ஏற்பாடு இன்றும் மாறாமல் பயன்படுகிறது. எண்பதுகளின் கீபோர்டு இன்றைய கணினியோடு பேசுகிறதென்றால், அந்தப் பெருந்தன்மைதான் காரணம்.

கேள்வி: கீபோர்டைக் கணினியோடு இணைத்த பின் ஒவ்வொரு சுரமும் இரட்டையாக ஒலிக்கிறது. கருவி பழுதா?
– வாசகி, ஈரோடு

பதில்: பழுதில்லை. நீங்கள் அழுத்தும் கட்டை கீபோர்டின் சொந்த ஒலியை நேரடியாக எழுப்புகிறது. அதே செய்தி கணினிக்குப் போய், மென்பொருளின் டிராக் வழியாகத் திரும்பி வந்து மறுபடியும் எழுப்புகிறது. கீபோர்டின் மெனுவில் லோக்கல் கன்ட்ரோல் என்பதை அணைத்துவிடுங்கள். மெனுவில் அது இல்லையென்றால், மென்பொருளிலிருந்து கன்ட்ரோல் எண் 122-ஐ 0 என்ற மதிப்போடு அனுப்பிப் பாருங்கள். கணினியில்லாமல் வாசிக்கும்போது அதைத் திரும்ப இயக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டையை அழுத்தினாலும் ஒலி வராது.

கேள்வி: என் கீபோர்டில் யு.எஸ்.பி.யும் உண்டு, ஐந்து முள் துளையும் உண்டு. யு.எஸ்.பி. கேபிளைச் சொருகினாலே ஸ்பீக்கரில் ரீங்காரம் கேட்கிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கீபோர்டின் ஒலிக்கம்பி ஒரு வழியாகவும் யு.எஸ்.பி. கேபிள் இன்னொரு வழியாகவும் இரு கருவிகளின் எர்த் (தரை) இணைப்பைச் சேர்த்து வளையம் ஆக்கிவிடுகின்றன. யு.எஸ்.பி. கேபிளைக் கழற்றிவிட்டு ஐந்து முள் கேபிளைப் போடுங்கள். அங்கே செய்தி ஆப்டோ கப்ளருக்குள் ஒளியாகத் தாவிச் செல்வதால் மின்தொடர்பே ஏற்படுவதில்லை, வளையமும் அறுந்துவிடும். மிக மலிவான யு.எஸ்.பி. மிடி கேபிள்கள் சிலவற்றில் இந்த ஆப்டோ கப்ளரையே வைப்பதில்லை, அவற்றைத் தவிர்ப்பது நல்லது. ரீங்காரத்தைப் போக்க மின்பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் ஒருபோதும் நீக்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

கேள்வி: டிரம் மெஷினும் மென்பொருளும் ஒன்றாகத் தொடங்கினாலும் சற்று நேரத்தில் விலகிப்போகின்றன.
– வாசகர், கோவை

பதில்: இரண்டும் தத்தம் கடிகாரத்தில் ஓடுகின்றன. மிடி கிளாக் ஒரு கால்சுரத்துக்கு 24 துடிப்புகளை அனுப்பும். அந்தத் துடிப்பு ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். கணினியைத் தலைமையாக வைத்து, மென்பொருளில் கிளாக் அனுப்புவதை டிரம் மெஷின் இணைந்துள்ள தடத்துக்கு மட்டும் இயக்குங்கள். டிரம் மெஷினில் கிளாக்கை வெளியிலிருந்து பெறும் நிலையைத் தேர்ந்தெடுங்கள். அது தன் பங்குக்கு கிளாக் அனுப்பும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அதன் பின்னும் ஒலிப்பதிவு முழுவதிலும் ஒரே அளவு தாமதம் தெரிந்தால், அது கிளாக்கின் குறையன்று. மென்பொருளில் அந்தத் தடத்துக்குரிய தாமத ஈடு அமைப்பில் சில மில்லி வினாடிகளை முன்தள்ளினால் சரியாகிவிடும்.