கல்லூரியில் கலக்கிய லைன்மேன் என்.எஃப்.எல்.லில் முதல் ஆண்டு ஏன் திணறுகிறார்?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கைக் காக்க அரணாக நிற்கும் ஐவரே தாக்குதல் வரிசை லைன்மேன்கள். கல்லூரியில் எதிராளிகள் பலர் சாதாரண ஆட்டக்காரர்கள். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லிலோ எல்லோரும் வடிகட்டித் தேறியவர்கள். காலைப் பின்னால் எடுத்து வைப்பதில் கண்ணிமைப்பொழுது பிந்தினாலும் தோளோரமாகப் பாய்ந்துவிடுவார்கள்.

வரிசையில் நிற்கும் பக்கம் மாறினால் இன்னும் கொடுமை. ஒரிகன் பல்கலைக்கழகத்தில் இடது டேக்கிளாக (வரிசையின் இடது ஓர லைன்மேனாக) ஆடிய பெனே சூவெலை 2021இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணி, புதியவர்களை எடுக்கும் டிராஃப்டில் ஏழாவது தேர்வாக எடுத்து வலப்பக்கம் நிறுத்தியது. எந்தக் கால் முதலில் பின்வாங்க வேண்டும், எந்தக் கை முதலில் தாங்க வேண்டும் என்பதெல்லாம் தலைகீழ். வலக்கைக்காரரை இடக்கையால் வேகமாக எழுதச் சொல்வது போல. தொடக்கத்தில் தடுமாறியவர், 2023இல் லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ஆல்-புரோ முதல் அணியில் இடம்பெற்றார். எனக்கு மிகவும் பிடித்த வளர்ச்சி இது.

எடை போதாததால்தான் புதியவர்கள் திணறுகிறார்கள் என்பது தவறான எண்ணம். பெரும்பாலோர் கல்லூரியிலேயே 135 கிலோவைத் தாண்டியவர்கள், பழகவேண்டியது கால்கள்.